இளகுதா யக்கா?

அந்தப் பிள்ளை எதையும் ஆட்டிப் பார்க்காமல் நம்பாது. நாற்காலி என்றால் முதுகைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டும். மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டும். பேக்கரியில் டீ குடிக்கப் போனால் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் உட்காரும். பஸ்ஸில் ஏறினால் கம்பியை இழுத்துப் பார்த்த பிறகுதான் பிடிக்கும். "ஏனுங்க அம்முணி, கெவர்மென்ட்டு பஸ்ஸைக் கழட்டி ஊட்டுக்குக் கொண்டுபோகப் போறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்ல யக்கா, பிடிச்ச பொறவு கையோட வந்துச்சுன்னா நான் யாரைப் பிடிக்க?" என்றது.

பல்லுக்குக் கம்பி கட்டுகிற டாக்டர் அது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் போனில் சண்டைக்கு வந்துவிடும். கேரள எல்லையில் இருக்கிற எங்கள் வேலந்தாவளத்தில் உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு பல் கிளினிக் இருந்தது. சந்தை நாளன்று மட்டும் பாலக்காட்டிலிருந்து இந்தப் பிள்ளை வரும். கீழே மாடு கத்தும், தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசிக்கொண்டு நிற்பார்கள். மேலே இது யாருடைய வாயையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

சொந்த ஊர் இடுக்கி ஜில்லா சூரியநெல்லி. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை, தெற்கேயிருந்து மலையேறிப் போன குடும்பம். அதனால் பேச்சு தெக்கத்தித் தமிழ், 'சொல்லுதேன்', 'பாக்கேன்' என்று போகும். படித்ததும் வேலை பார்ப்பதும் மலையாளத்துக்காரர்களோடு. அதனால் நடுநடுவே மலையாளமும் வந்து விழும். நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள், எனக்கு வாயைத் திறந்தால் 'ங்க'. நாங்கள் இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டோம். அதனால் வந்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் பல்லைச் சொல்லிவிடுகிறேன். எந்த இடத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் என் முன்பல் போய்ச் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் எனக்குத் 'தேங்காத் துருவி' என்று பேர். பேர் வைத்தவளின் தலைமுடியைப் பிடித்து நான் உலுக்கியதும் உண்டு, அது வேறு கதை. ஆனால் கடவுள் பாருங்கள், இப்படிப் பல்லைக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் சிரிப்பையும் கொடுத்தார். எனக்கு எதைக் கேட்டாலும் சிரிப்பு வரும். சாவு வீட்டில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். கையில் சாணி இருந்தால் முந்தானை போகும். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் தெரியும், ஒரு படத்தில்கூட எனக்கு வாய் கிடையாது. கண்ணுக்குக் கீழே ஒரு கைதான் இருக்கும்.

மகளுக்குப் பல் சொத்தை என்று அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். மகளைச் சாய்நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்னால் இந்தப் பிள்ளை அதன் இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கியது. நாற்காலி நன்றாக நின்றது. பிறகு மகளின் தாடையைப் பிடித்து லேசாக அசைத்தது. "என்ற மகளையும் கழட்டிப் பாக்கறீங்களா?" என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன், கையை வைத்துக்கொண்டு.

"யக்கா, கையை எடுங்க."

"எதுக்குங்க?"

"சிரிச்சீங்கல்லா, பாக்கணும்."

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எடுத்தேன். பல்லைப் பார்த்தது. முகத்தில் பாவம் என்கிற பார்வையே இல்லை. நல்ல மாட்டைப் பார்த்த தரகர் மாதிரி கண் மின்னியது. "உங்களுக்குப் பண்ணலாமே!" என்றது.

"இந்த வயசுலயா? நாப்பது தாண்டியாச்சுங்க அம்முணி."

"பல்லுக்கு உங்க வயசு தெரியாது யக்கா. ஈறும் எலும்பும் நல்லா இருந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்கூட்டுக்காரர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "மகளுக்குக் கட்டற வயசுல ஆத்தாளுக்குக் கம்பியா? ஊரே சிரிக்குமே." எனக்கு வந்ததே கோபம். "ஊரு சிரிக்கட்டுமுங்க. நானும் ஒரு நாளைக்குக் கைய எடுத்துட்டுச் சிரிக்கோணுமில்ல?" என்றேன். மனுசன் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "சரி, போய்ட்டு வா" என்றார்.

மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு நல்ல பல்லைப் பிடுங்கி இடம் உண்டாக்கி, கம்பி கட்டினார்கள். முன்பல்லை அந்த இடத்துக்குள் இழுக்க வேண்டும். எப்படி இழுப்பது என்பதை அந்தப் பிள்ளை என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ச் சந்தையைக் காட்டிச் சொல்லியது. ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாய்ந்துகொண்டது.

"கீழ பாருங்க. அந்தக் கன்னுக்குட்டியை எதுல கட்டியிருக்காக?"

"மொளக்குச்சியிலங்க."

"இன்னொரு கன்னுக்குட்டியில கட்டினா?"

"ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துட்டு நடுவால வந்து நிக்கும்."

"அதேதான். உங்க முன்பல்லைக் கடவாப்பல்லுல கட்டி இழுத்தா, கடவாப்பல்லும் முன்னால வந்துரும். பிடுங்குன இடத்தைப் பாதி அதுவே தின்னுரும். அதான் எலும்புலேயே ஒரு முளை அடிக்கப்போறேன்."

அடிக்கப் போகிறேன் என்றதும் என் கை மறுபடி வாய்க்குப் போய்விட்டது. அப்புறம் காட்டியது. ஒரு நெல் நீளம்தான் இருக்கும், குட்டி ஸ்குரூ. மரத்துப்போக ஊசி போட்டு, கடிகாரக்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு குட்டித் திருப்புளியால் ஈறு வழியாக எலும்புக்குள் திருகியது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வலியில்லை, ஓர் அழுத்தம்தான். "இது எலும்போட ஒட்டிக்குமுங்களா?" என்றேன். "ஒட்டாது, ஒட்டவும் வேண்டாம். எலும்பு இறுக்கிப் பிடிச்சிருக்கும், அம்புட்டுதான். வேலை முடிஞ்சதும் திருகி எடுத்துருவேன்" என்றது. கடைசியில் சின்ன இடுக்கியால் இரண்டு ஸ்குரூவையும் பிடித்து ஆட்டிப் பார்த்தது. இடுக்கி ஜில்லாக்காரியின் கையில் இடுக்கி என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. "ஆடலை" என்று சொன்னபோது அதன் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, மகன் பாஸான தாயிடம்தான் அதைப் பார்க்கலாம்.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன். ஆட்டிப் பாக்கது என் வேலை. நீங்க கையை வைக்கக் கூடாது, நாக்கையும் வைக்கக் கூடாது."

கையை வைக்கவில்லை. ஆனால் என் நாக்கு இருக்கிறதே, அதற்கு அந்தப் பிள்ளையின் வியாதி தொற்றிக்கொண்டது. பால் கறக்கும்போது நாக்கு கன்னத்துக்குள் புகுந்து வலப்பக்க ஸ்குரூவை ஒரு தட்டு தட்டும், இருக்கிறதா என்று. தக்காளி பறிக்கும்போது தட்டும். சீரியலில் மாமியார் அழும்போது இரண்டு தட்டு கூட. போகாதே என்று சொன்ன இடத்துக்குத்தான் அது போகும், என்னைப் போலவே.

அடுத்த தடவை போனபோது இடுக்கி வலப்பக்கத்தைத் தொட்டதும் அந்தப் பிள்ளையின் புருவம் ஏறியது. "ஆடுது யக்கா." திட்டும் என்று பார்த்தால், துப்பறிகிற போலீஸ் மாதிரி உற்சாகமாகிவிட்டது. பிரஷ் எப்படிப் பிடிக்கிறீர்கள், எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள், எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று குடைந்தது. கடைசியில், "நாக்கை நீட்டுங்க" என்றது. நீட்டினேன். "திருடன் இவந்தான்!" என்று சொல்லிவிட்டு, ஆடிய ஸ்குரூவை எடுத்தது. சோற்றில் செருகிய குச்சி மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. வீங்கியிருந்த ஈறு ஆறட்டும் என்று விட்டு, அப்புறம் கொஞ்சம் தள்ளி இன்னொன்று போட்டது.

அன்றைக்கு மட்டும் அது விளையாட்டாகப் பேசவில்லை. "யக்கா, அந்தப் பக்கம் இனி எலும்புல வேற இடம் இல்ல. இதுவும் ஆடிட்டா, முன்பல்லு பாதி உள்ள போனதோட நிறுத்திக்கிடணும்." மாடிப்படி இறங்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கிக் கொடுத்தாயிற்று. ஊரெல்லாம் கம்பியைக் காட்டியாயிற்று. அதற்கப்புறமும் துருவி துருவியாகவே இருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? இனி சாகும்வரை கையும் வாயுமாகத்தான் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அது ஆடாது. இந்தப் பிள்ளை வந்த வாரமே ஆட்டி ஆட்டி, உரக்கடைக்காரர் தொல்லை தாங்காமல் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்.

நான் வெசனத்தோடு போனதைப் பார்த்தோ என்னவோ, அடுத்த சந்தை நாளில் மத்தியானச் சோற்றுக்கு வாங்க என்று கூப்பிட்டதும் எங்கள் ஊட்டுக்கு வந்தது. வந்ததும் வராததுமாகக் கட்டுத்தறிக்குப் போய் எங்கள் பசுவின் முளைக்குச்சியைக் குனிந்து ஆட்டியது. பசு திரும்பி ஒரு பார்வை பார்த்தது. எங்கூட்டுக்காரருக்கு ரோசம். "நானே அடிச்சதுங்க, ஆடாதுங்க" என்றார். "ஆடல சார், சூப்பரா இருக்கு" என்று சொன்னதும்தான் மனுசன் முகம் மலர்ந்தது. அன்றையிலிருந்து அவர் இந்தப் பிள்ளையின் கட்சி.

இலை போட்டபோது கேட்டேன், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று. சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னது. "எங்க ஊர்ல மழை பிடிச்சா மண்ணே ஆடும் யக்கா. எங்க லயத்து வீட்டுக்குப் பின்னாடி மேடு ஒரு வருசம் சரிஞ்சு அடுப்படி வரைக்கும் வந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அன்னையிலேர்ந்து எதையும் தொட்டுப் பாக்காம எனக்கு நம்பிக்கை வராது." நான் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். அது கண்டுகொள்ளாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, பெண் பார்க்க வந்த கதைக்குப் போய்விட்டது.

"போன மாசம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. ஊரு ஏலப்பாறை. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க, காப்பித் தட்டை வச்சிட்டுக் கை சும்மா இருக்கல. மாப்பிள்ளை உக்காரப் போன நாற்காலியைப் பிடிச்சு ஆட்டிட்டேன்."

"அட கெரகமே! அப்புறம்?"

"அவங்க அம்மா, 'பொண்ணுக்குக் கை துறுதுறுன்னு இருக்கே'ன்னாங்க. எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கல. எந்திரிச்சு, தானும் ஒருக்கா ஆட்டிப் பாத்துட்டு, 'சரியாத்தான் இருக்கு'ன்னு உக்காந்தாரு." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "அப்பவே சம்மதம்னுட்டேன் யக்கா."

நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. கை என்னவோ வாயில்தான் இருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பாலக்காட்டிலிருந்து போன் பண்ணியது. நான் கட்டுத்தறியில் நிற்கிறேன், ஒரு கையில் சுடச்சுடக் காப்பி. பின்னால், அதோடு இங்கேயும் வருகிற நர்ஸ் சேச்சி மலையாளத்தில் என்னவோ கேட்பது தெரிந்தது, பசு கத்தியதில் விளங்கவில்லை. சேச்சி வாயில் வந்த சொல்லை அந்தப் பிள்ளை அப்படியே எனக்குத் தமிழில் போட்டது.

"யக்கா, ஸ்குரூ இளகுதா?"

"இளகுமுங்களா?"

"சில பேருக்கு இளகும். இளக விட்டுராதீங்க, பாத்துக்கிடுங்க. இதான் கடைசி."

மலையாளத்தில் இளகுவது என்றால் ஆடுவது, அசைந்து கொடுப்பது. இத்தனை வருஷம் இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? சேச்சி கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். ஆனால் தமிழ் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளை, 'யக்கா' என்று கூப்பிட்டு, 'இளகுதா' என்று கேட்டால் நான் எதை நினைப்பேன்? வெல்லம் இளகும். நெய் இளகும். கையிலிருந்த காப்பியைப் பார்த்தேன். ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்படியே பசுவின் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் விரதம். சூடு என்று ஒன்று வாய்க்குள் போகவில்லை. காலையில் பழைய சோறு, மத்தியானம் ஆறிப்போன சோறு, ரசத்தை விசிறி விசிறிக் குடித்தேன். காப்பி இல்லாமல் மண்டை இடித்தது. அடுப்பில் வேலை செய்யும்போது வலது கன்னத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். "ஏன், அடுப்போட சண்டையா, ஓரியாட்டமா?" என்றார் எங்கூட்டுக்காரர். தோட்டத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன். சொந்தக்கார ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில் ஆவி பறக்கிற சாம்பாரைக் கொண்டு வந்தவரைப் பார்த்துப் பாம்பைக் கண்டவள் மாதிரி இலையை மூடினேன்.

நாக்கு? அதையும் யோசித்தேன். நாக்கும் சூடுதானே! காய்ச்சல் வந்தால் டாக்டர் நாக்குக்கு அடியில்தானே கண்ணாடிக் குச்சியை வைத்துப் பார்க்கிறார்! ஐயோ சாமி, அது போய்த் தட்டித் தட்டி உருக்கிவிட்டால்? வலப்பக்கம் போக நினைக்கும்போதெல்லாம் கீழ்ப்பல்லுக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அத்தனை சொல்லியும் கேட்காத நாக்கு, உருகிவிடும் என்றதும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தது.

பார்க்கிற நாள் வந்தது. மாடி ஏறினேன். சாய்நாற்காலியில் படுத்து, இரண்டு கையாலும் நாற்காலியின் கைகளை இறுக்கிக்கொண்டேன். சேச்சி விளக்கைத் திருப்பிப் பிடித்தது. இடுக்கி உள்ளே போயிற்று. அந்தப் பிள்ளை பிடித்து ஆட்டியது. மறுபடி பிடித்து ஆட்டியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"ஆடவே இல்ல! கல்லு மாதிரி நிக்குது!" என்று கத்தியது. "இன்னைக்கே ஸ்பிரிங் மாட்டி இழுத்துரலாம். யக்கா, அந்த நாக்கை எப்படி நிறுத்தினீங்க?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். "நீங்க சொன்னீங்கல்ல அம்முணி, இளகீரும்னு? அதான் சூடே படாமப் பாத்துக்கிட்டனுங்க. காப்பியே குடிக்கறதில்லை. நாக்குல சூடு இருக்குமில்லீங்களா, அதையும் கிட்ட விடலை."

அது முழித்தது. சேச்சிக்குத்தான் முதலில் விளங்கியது. "என்டே ஈஸ்வரா, உருகுமெந்நு விசாரிச்சோ!" என்று, 'உருகும்னு நினைச்சீங்களா' என்று மலையாளத்தில் கேட்டு, விளக்கை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் இந்தப் பிள்ளைக்குப் பிடிபட்டது. "யக்கா... வெல்லமா யக்கா அது?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, நிற்க முடியாமல் பின்னால் நகர்ந்து, சேச்சி புதிதாக வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தது.

ஆட்டிப் பார்க்காமல்.

ஸ்டூலின் ஒரு கால் விரிந்தது. பிள்ளை தரையில். கீழே சந்தையில் ஒரு எருமை நீளமாகக் கத்தியது. எனக்கு வந்ததே சிரிப்பு! அப்படி ஒரு சிரிப்பு என் ஆயுசில் நான் சிரித்ததில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி அதைத் தூக்கப் போகிறேன், தூக்க முடியவில்லை, சிரிக்கிறேன். உரக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று பாதிப்படி ஏறி வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து என்னைப் பார்த்தது. அதன் சிரிப்பு நின்றுவிட்டது.

"யக்கா, உங்க கை எங்க?" என்றது.

பார்த்தேன். என் இரண்டு கையும் அதைத் தூக்குவதற்காக முன்னால் நீட்டியபடி இருந்தன.

அந்த ஸ்குரூ கடைசிவரை ஆடவில்லை. முன்பல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் வந்து, ஸ்குரூ இரண்டையும் திருகி எடுத்து, கம்பியையும் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை ஏலப்பாறைக்கு ஒரேயடியாகப் போனது. இப்போது அங்கே யார் நாற்காலியை ஆட்டிக்கொண்டிருக்கிறதோ. எனக்கு அதை நினைக்காத நாள் இல்லை. போன் பண்ணினால் முதல் கேள்வி இன்றைக்கும் அதுதான், "இளகுதா யக்கா?" நானும் விடாமல், "மனசுதானுங்க அம்முணி இளகுது" என்பேன்.

அதன் கல்யாணத்துக்குச் சூரியநெல்லிக்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். என் வாயில் அப்போது கம்பி இருந்தது. மேடையில் பொண்ணு மாப்பிள்ளைக்குச் சிவப்பு சோபா போட்டிருந்தார்கள். பட்டுச்சேலையும் மாலையுமாக வந்த பிள்ளை சோபாவின் ஒரு கையைப் பிடித்தது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை இன்னொரு கையைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒன்றாக ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் பின்னால் நின்றிருந்த நான் சிரித்துவிட்டேன். போட்டோக்காரர் அப்போது பார்த்துத்தான் பட்டனை அழுத்தினார்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். ஆணியை எங்கூட்டுக்காரர்தான் அடித்தார், நான் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படத்தை மாட்டவிட்டேன். பொண்ணு, மாப்பிள்ளை, சிவப்பு சோபா. பின்னால் நான், கம்பி பளபளக்க. அதில் எனக்கு வாய் இருக்கிறது.